கரண்டு புகுந்த கையும் வெளியேறிய காலும்

காயத்துக்குக் கட்டுக் கட்டுகிற வேலையில் எந்தக் காயத்தையும் பார்த்துப் பழகிவிடலாம். "எனக்கு ஒன்னும் இல்ல" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துத்தான் கடைசிவரை பழக முடியாது. பாகூர் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். வில்லியனூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதிக் கோபம் வந்துவிடும். மீதியை நோயாளிகள் கொண்டு வந்து தருவார்கள்.

என்னைப் போல நின்று நின்றே கால் வீங்கிப்போன நர்ஸுகளுக்கும், ஆறிய டீயையே குடித்துப் பழகிய கம்பவுண்டர்களுக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. கரண்டு அடித்த கேஸ் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அதில் ஏழுமலை, அஞ்சலை என்ற ஒரு புருஷன் பெண்சாதி ஏழு மாதம் என்னைப் படுத்திய பாட்டை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சேற்றில் ஊறிய ஆள்

நடவு நேரம். காலை பத்து மணி இருக்கும். ஒரு குட்டி லோடு வண்டி வந்து வாசலில் நின்றது. பின்னால் தார்ப்பாய் மேல் கழுத்து வரைக்கும் சேறாக ஒரு ஆள் கிடந்தார். ஐம்பது வயசு இருக்கும். கண் திறந்திருந்தது, பேச்சு குழறியது. மோட்டார் கொட்டாயில் ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டிருக்கிறார். கரண்டு புகுந்தால் கைச் சதை தானாக இறுகிக்கொள்ளும். விட வேண்டும் என்று ஆள் நினைத்தாலும் விரல் விரியாது. பெண்சாதி அஞ்சலை ஓடி வந்து, கட்டை எதையும் தேடாமல், வெறுங்கையால் அவர் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இரண்டு பேரும் தூக்கி எறியப்பட்டு விழுந்திருக்கிறார்கள்.

அது சரி, சேறு எதற்கு? பக்கத்துக் கழனிக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிப்போய் நாற்றங்கால் சேற்றில் கழுத்து மட்டும் புதைத்து, கால் மணி நேரம் வைத்திருக்கிறார்கள். மண் கரண்டை இழுத்துக்கொள்ளுமாம். நெஞ்சில் கை வைத்துப் பார்க்க வேண்டிய நேரத்தைச் சேற்றில் போக்கிவிட்டு வந்து நிற்கிறார்களே என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு துடைத்துக்கொண்டே திட்டினேன். அதில் மூத்தவர் ஒருத்தர், திட்டு வாங்குகிறோம் என்பதே தெரியாமல், ரொம்ப நம்பிக்கையோடு சொன்னார்:

"பாதி கரண்டு எறங்கிடுச்சு நர்ஸம்மா. மீதிய நீங்க பாத்துக்குங்க."

செருப்பு மாட்டிய கை

வண்டியிலிருந்து உள்ளே தூக்க ஆள் வேண்டும். "ஒரு கை குடுங்கப்பா" என்றேன். எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். உடம்பில் இன்னும் கரண்டு நிற்கிறது, தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று பயம். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைப் பார்த்துக்கொண்டேதான் பயந்தார்கள். கம்பியை விட்டுப் பிரிந்த நொடியே உடம்பில் கரண்டு கிடையாது. அது உள்ளே போன வழியில் செய்துவிட்டுப் போன வேலைதான் மிச்சம்.

அஞ்சலை மட்டும் கால் பக்கம் வந்து பிடித்தாள். ஒல்லியான உடம்பு, நாற்பத்தைந்து வயசு. அதைப் பார்த்து வண்டி டிரைவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு வந்து இடுப்புப் பக்கம் தாங்கினார். நான் முறைத்தேன். என் கையுறையைக் காட்டிச் சொன்னார்:

"உங்களுக்கு கவர்மெண்டு கிளவுஸ் குடுத்துக்குது, எங்களுக்கு இதான்."

டிகாக்ஷன் நிறம்

ஏழுமலையின் வலது உள்ளங்கையில் இருந்த காயம் ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். வெளுத்து, காய்ந்து, ரத்தமே இல்லாமல் இருந்தது. "இவ்ளோதானா" என்றார்கள் கூட வந்தவர்கள். இவ்வளவுதான் என்று யாரும் ஏமாந்துவிடாதீர்கள். கரண்டு காயம் தோலில் கொஞ்சம், உள்ளே நிறைய. சதைக்குள் புகுந்து நரம்பு வழியாகப் போகும்போது எல்லாவற்றையும் வேக வைத்துக்கொண்டு போகும். எங்கள் டாக்டரம்மா ஈ.சி.ஜி. எடுத்தார். நெஞ்சுத் துடிப்பு முன்னும் பின்னுமாக ஓடியது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு டியூப் போட்டுப் பார்த்தால், சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் இறங்கியது.

வெந்த சதையின் சாயம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொள்ளும். அது அடைபடாமல் இருக்க மளமளவென்று டிரிப் ஏற்ற வேண்டும். ஊசியை எடுத்ததும் ஏழுமலையின் தங்கை கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரண்டு அடித்தவருக்குத் தண்ணீர் காட்டினால் உயிர் போய்விடும் என்று அவள் அழுகை. இது தண்ணீர் இல்லை, மருந்து என்று ஒரு பொய்யும் பாதி உண்மையும் கலந்து சொன்னேன். அவள் பாட்டிலையும் டியூபையும் அண்ணன் கையையும் மாறி மாறிப் பார்த்து, தனக்குத் தானே ஒரு முடிவுக்கு வந்தாள்:

"நேரா நரம்புல போனா பரவால்ல, தொண்டைல போனாதான் ஆபத்து."

கழற்ற மாட்டேன் என்றவள்

ஏழுமலையைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம். அந்த அவசரத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். அஞ்சலையிடம் "உனக்கு ஏதாவது?" என்று கேட்டேன். "எனக்கு ஒன்னும் இல்ல" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். அவளும் அதே கம்பியின் கரண்டை அவர் தோள் வழியாக வாங்கியவள்தானே என்று இத்தனை வருஷம் சர்வீஸ் போட்ட எனக்கு உறைக்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

மூன்றாம் நாள் மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தவள், தலைவலி மாத்திரை கேட்டு வந்தாள். இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். கால் விரலில் பழைய புடவைத் துணி சுற்றியிருந்தது. பிடிவாதமாகப் பிரித்துப் பார்த்தேன். கரண்டு அவள் கை வழியாக உள்ளே போய், கொட்டாய்ச் சேற்றில் ஊன்றிய கால் வழியாக, வெள்ளி மெட்டி போட்ட விரலில் வெளியேறியிருந்தது. மெட்டியைச் சுற்றிக் கறுத்து, விரல் வீங்கி, வளையம் சதைக்குள் புதைந்துவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, மெட்டியா விரலா, இன்றைக்கே முடிவு செய்யச் சொல்லுங்கள் என்றார்.

அஞ்சலை அசையவில்லை. புருஷன் உயிருக்குப் போராடிக்கொண்டு கிடக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா? விரல் போனால் போகட்டும் என்றாள். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், என் காலைக் காட்டி இதிலும் மெட்டி இல்லை, என் வீட்டுக்காரர் கல் மாதிரி இருக்கிறார் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த அவள் கொழுந்தனுக்கு வீடியோ கால் போட்டு, போனை ஏழுமலை முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரித்துவிடாமல் இருக்க, அவர் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறிவிட்டு, பஞ்சுப் பொதியாகக் கட்டியிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கழட்டுடி. நான் இன்னும் உசுரோட கீறேன் இல்ல? வூட்டுக்கு வந்து இந்தக் கையாலயே போட்டு வுடறேன்."

காதர் பாயின் கோபக்காரி

மெட்டியை வெட்ட எங்களிடம் கருவி கிடையாது. எதிரில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் கட்டர் வாங்கி, கொதிக்க வைத்து, அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டி எடுத்தேன். அஞ்சலை கத்தவே இல்லை. விரலில் உணர்ச்சி இல்லை என்பதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். வெட்டுப்பட்ட வெள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

கட்டரைத் திரும்ப வாங்க வந்த பாய், எங்கள் சுவிட்சுப் பெட்டி ஒன்று புகைகிறது என்றதும் உடனே ஸ்டூல் மேல் ஏறினார். மெயினை நிறுத்துங்கள் என்றேன். அவர் சிரித்தபடி, கரண்டு வருகிறதா என்று புறங்கையால் கம்பியைத் தட்டிப் பார்த்தார். பழைய வயர்மேன்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அடுத்த நொடி பாய் தரையில் கிடந்தார். தோள்பட்டை இறங்கிவிட்டது. கரண்டு சில பேரைப் பிடித்துக்கொள்ளும், சில பேரைத் தூக்கிப் போடும், அது அன்றைக்கு அதன் இஷ்டம். வேண்டாம் வேண்டாம் என்றவரைப் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்து, நாள் முழுக்க உட்கார வைத்தேன். சிரிப்பு மட்டும் போகவில்லை. தோள் ஆறியதும் அவரே ஏழுமலையின் கொட்டாய்க்குப் போய் ஒழுங்காக எர்த் போட்டுவிட்டு வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குப் படுக்கையில் கிடந்தபடி அவர் சொன்னது இது:

"இருபத்தஞ்சு வருஷமா கரண்டோட பழகுறேன் நர்ஸம்மா, இன்னிக்கிதான் மொத தடவ கோச்சிக்கிச்சு."

சூடு தெரியாத கை

ஒன்றரை மாதம் கழித்து ஏழுமலை ஊருக்கு வந்தார். உயிர் பிழைத்தது, சிறுநீரகம் பிழைத்தது. சுண்டு விரல் போய்விட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தார்கள். மிச்சம் நான்கு விரலும் பாதி மடிந்த நிலையில் விறைத்து நின்றன. தினமும் காலையில் என்னிடம் கட்டு மாற்ற வருவார். கட்டு முடிந்ததும் ஒரு தட்டில் வேர்க்கடலை கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து டம்ளரில் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பயிற்சி. ஒரு கடலை எடுக்க அவருக்கு ஒரு பஸ் வந்து போகிற நேரம் ஆகும். அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் எதற்காகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கடலையே நழுவுகிற கையில் மெட்டி எப்படி நிற்கும் என்று நாங்கள் மூன்று பேரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

ஒரு நாள் வரும்போது பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொப்புளம். டீக்கடையில் கொதிக்கிற கண்ணாடி டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதை பேசியிருக்கிறார். நரம்பு வெந்த இடத்தில் சூடும் தெரியாது, குத்தலும் தெரியாது. நான் அரை மணி நேரம் திட்டினேன். அஞ்சலை திட்டவில்லை. டவுசர் போட்ட பிள்ளைக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னாள்:

"இனிமே சுடுதா இல்லயான்னு என்னைக் கேட்டுட்டு புடிய்யா."

ஃபேன் ஓடாத மதியம்

தடுப்பூசி வேலையாக அவர்கள் தெருவுக்குப் போன ஒரு மதியம், அவர்கள் வீட்டில் எட்டிப் பார்த்தேன். வெயில் கொளுத்துகிறது, ஏழுமலை வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருக்கிறார், தலைக்கு மேல் ஃபேன் சும்மா நிற்கிறது. கரண்டு இருக்கிறதே என்றேன். சுவிட்சைப் போட அவருக்குக் கை வரவில்லை. யாராவது போட்டாலும் "டப்" என்ற சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது. அஞ்சலை மோர் கடையும் மத்தின் காம்பால் சுவிட்சை மெல்லத் தள்ளி, சத்தமில்லாமல் போட்டுவிட்டாள்.

அவள் என்னோடு வாசல்வரை வந்தாள். கொஞ்ச நாளாக ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்துகிறார், தட்டை எறிகிறார், பிறகு குப்புறப் படுத்து அழுகிறார், சொன்னது மறந்துபோகிறது என்றாள். காயம் ஆறினாலும் மனசும் மூளையும் ஆற மாதக்கணக்கில் ஆகும், இதுவும் அந்தக் காயத்தைச் சேர்ந்ததுதான் என்று சொல்லி, டாக்டரம்மாவிடம் தனியாகக் கூட்டி வரச் சொன்னேன். உன்மேல் கத்தினால் நீ பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்கிற மாதிரி.

"கத்தட்டும் நர்ஸம்மா. அன்னிக்கி கொட்டாய்ல கையி ஒட்டிக்கினு நின்னப்போ வாயி தொறந்துதான் இருந்துச்சு, சத்தமே வர்ல. அதுக்கு இது எவ்ளோவோ மேலு."

ஒற்றைக்கால் மெட்டி

இதற்கிடையில் ஊருக்கு வேறு கவலை. அஞ்சலையின் வலது காலில் மெட்டி இருக்கிறது, இடது காலில் இல்லை. அவள் விரல் ஆறி மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஜாடையாக ஏதோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே கஸ்தூரி பாகூர் கடைத்தெருவில் ஒரு மெட்டி வாங்கி, நேராக என் டிரெஸ்ஸிங் ரூமுக்கே கொண்டு வந்துவிட்டாள். அண்ணன் கட்டு மாற்ற உட்கார்ந்திருக்கும்போதே, "கால நீட்டுங்க அண்ணி, நானே மாட்டி வுடறேன்" என்று கீழே குந்திவிட்டாள். நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசுக்காரர்கள்தான் சமயத்தில் ஊசியைவிட அதிகமாகக் குத்துவார்கள்.

ஏழுமலை கடலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கை மடியில் கிடந்தது. எனக்குக் கஸ்தூரியை வெளியே தள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அஞ்சலை காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, சிரித்தபடியே சொன்னாள்:

"போடறேன்னு சொன்னவரு போடட்டும், எனக்கு ஒன்னும் அவசரம் இல்ல. உனக்கு அவசரம்னா நீ போட்டுக்கோடி."

கதவைச் சாத்தச் சொன்ன நாள்

ஏழாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. இனிமேல் கட்டு வேண்டாம், எண்ணெய் தடவினால் போதும் என்று சொல்லி அனுப்ப வேண்டிய நாள். சொல்லியும் ஏழுமலை எழுந்து போகவில்லை. வெளியே வரிசை நிற்கிறதே என்று நான் எரிச்சல்பட ஆரம்பித்தபோது, கூச்சத்தோடு, "கதவ கொஞ்சம் சாத்துங்க நர்ஸம்மா" என்றார். சட்டைப் பையிலிருந்து கஸ்தூரி வாங்கிய அதே மெட்டியை இடது கையால் எடுத்தார். வீட்டில் என்றால் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்களாம், இங்கே என்றால் தவறினாலும் நான் ஒருத்திதான் பார்ப்பேனாம். கல்யாணத்தில் அம்மி மேல் வைத்த காலை அஞ்சலை எங்கள் இரும்பு ஸ்டூல் மேல் வைத்தாள். அவர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மெட்டியை வலது கைக்கு மாற்றினார். பிடிக்கும் முன்பே நழுவியது. இரண்டாம் தடவை விரல் நுனிவரை போய் விழுந்தது. மூன்றாம் தடவை உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் குப்புறப் படுத்துத் துடைப்பக் குச்சியால் தள்ளி எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் போட்டுவிடுங்களேன் என்று என் வாய்வரை வந்துவிட்டது. அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

நான்காம் தடவை அவர் ஆள்காட்டி விரலை விட்டுவிட்டு, பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் மெட்டியைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். நெற்றியில் வியர்வை வழிந்தது. தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு கையை எடுக்காமலே நிமிர்ந்து, "ஏறிச்சாடி?" என்று கேட்டார். அஞ்சலை, "எனக்கு எப்படித் தெரியும், அந்த வெரலுதான் மரத்துக் கெடக்குதே, நீயே பாருய்யா" என்றாள். அவர், "கண்ணு ஒரே கலங்கலா கீது. கைய கேட்டா அதுவும் ஒன்னும் சொல்ல மாட்டேங்குது" என்றார். போட்டவருக்கும் தெரியவில்லை, போட்டுக்கொண்டவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க சொல்லுங்க நர்ஸம்மா, ஏறிச்சா இல்லயா?"

மெட்டி கச்சிதமாக ஏறித்தான் இருந்தது. ஆனால் அந்த அறையில் உணர்ச்சி ஒழுங்காக இருக்கிற ஒரே ஆள் என்று நம்பி என்னைக் கேட்டார்கள் பாருங்கள், எனக்கோ அந்தச் சமயம் பார்த்துக் கண் மறைத்துவிட்டது.